பொதுவழியும் பந்தயவழியும்

கொல்லிமலை பதினான்கு நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. சில ஊர்கள் சேர்ந்த சிறு தொகுதியையே இம்மலை மக்கள் நாடு என்று வழங்குகின்றனர். அந்நாடுகளுள் ஒன்று பைல் நாடு. மிளகும் காப்பியும் வாழையும் பலாவும் விளையும் இம்மலையிலிருந்து நாமக்கல் சமவெளிக்கு இறங்கும் சாலை, காரவள்ளி என்னும் அடிவாரத்தைச் சென்றடைகிறது. அச்சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவுதோறும் அதன் எண்ணைத் தாங்கிய பலகை நிற்கிறது. விளைபொருளை விற்கச் செல்லும் உழவர், நோயாளியை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைபவர், கல்லூரிக்குச் செல்லும் மாணவர் ஆகிய அனைவரும் அந்த எண்களைக் கடந்தே மலையிறங்குகின்றனர்.

விடுமுறை நாள்களில் இதே சாலைக்கு வேறொரு கூட்டமும் வருகிறது. தொலைதூர நகரங்களிலிருந்து விசையுந்துகளில் வரும் இளைஞர்களுக்கு இந்த எழுபது வளைவுகளும் ஓர் அறைகூவல். எத்தனை நிமிடங்களில் ஏறினோம், எத்தனை நிமிடங்களில் இறங்கினோம் என்று கணக்கிடுவோரும் அவர்களுள் உண்டு. உழவருக்கு அது வழி. கடிகாரத்தோடு வருபவருக்கு அது களம். ஒரே சாலை இரண்டாகவும் இருக்க இயலுமா என்னும் வினா கொல்லிமலையில் பிறந்ததன்று. மகிழுந்து என்னும் ஊர்தியே புதிதாக இருந்த காலத்தில், அமெரிக்க நாட்டின் சாலைகளில் இவ்வினா எழுந்தது. அதற்கு விடை காண அந்நாட்டினர் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் செலவிட்டனர், உயிர்களையும் இழந்தனர்.

பெயரில்லாத ஊர்தி

1895ஆம் ஆண்டு சிகாகோ நகரின் 'டைம்ஸ் ஹெரால்ட்' நாளிதழ் ஒரு பந்தயத்தை அறிவித்தது. குதிரை இல்லாமல், தன்விசையால் இயங்கும் வண்டிகள் சாலையில் போட்டியிட வேண்டும். முதற்பரிசு 2,000 டாலர். இதழின் உரிமையாளர் கோல்சாட் இந்தப் போட்டியால் இதழின் விற்பனை பெருகும் என்றும் எதிர்பார்த்தார். வண்டிகளுக்கு அப்போது நிலையான பெயர்கூட இல்லை. பொருத்தமான பெயரைக் கண்டுபிடிப்பவருக்கும் தனிப்பரிசு அறிவிக்கப்பட்டது. 'மோட்டோசைக்கிள்' என்ற சொல் அப்பரிசை வென்றது. ஆனால் மக்கள் வாயில் அது நிலைக்கவில்லை. தமிழில் பேருந்து, மகிழுந்து என்னும் சொற்கள் நிலைபெற்றதையும், அவற்றோடு பிறந்த வேறு சில சொற்கள் அகராதிகளோடு நின்றுவிட்டதையும் இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பந்தயத்திற்கு வண்டிகளைக் கொண்டுவந்தவர்களுக்கு முதல் தடை காவலர்களிடமிருந்து வந்தது. நகரத் தெருக்களில் இத்தகைய ஊர்திகளை ஓட்ட எவருக்கும் உரிமை இல்லை என்று கூறி அவர்கள் வழிமறித்தனர். குதிரை இல்லா வண்டிகளைக் குதிரைகளைப் பூட்டி இழுத்துச் செல்லும் நிலை ஏற்பட்டது. கோல்சாட் நகர மன்றத்தை அணுகி, இவ்வூர்திகள் தெருவில் ஓடலாம் என்று விதி இயற்றச் செய்தார். மகிழுந்து பொதுச்சாலையில் ஓடும் உரிமையே அங்கு ஒரு பந்தயத்திற்காகப் பெறப்பட்டது என்பது இன்று வியப்பளிக்கும் செய்தி.

முதலில் குறித்த நாளான நவம்பர் 2 அன்று இரண்டு வண்டிகளே ஆயத்தமாக இருந்தன. அவை மட்டும் ஒரு முன்னோட்டம் ஓடின. அப்போது டியூரியா சகோதரர்கள் உருவாக்கிய வண்டி, குறுக்கே வந்த உழவர் ஒருவரின் குதிரை வண்டிக்காக விலகிப் பள்ளத்தில் இறங்கியது. சாலையில் உழவருக்கும் பந்தயக்காரருக்கும் நேர்ந்த முதல் மோதல்களுள் இதுவும் ஒன்று. அன்று விலகியவர் பந்தயக்காரர். பின்னாளில் இந்த நிலை தலைகீழாக மாறியது.

உண்மைப் பந்தயம் நவம்பர் 28 அன்று நடந்தது. சிகாகோவிலிருந்து எவன்ஸ்டன் என்னும் ஊருக்குச் சென்று திரும்ப வேண்டும். தொலைவு 54 மைல், அதாவது ஏறத்தாழ 87 கி.மீ. முன்னிரவுகளில் பெய்த பனி சாலையை மூடியிருந்தது. ஆறு வண்டிகள் புறப்பட்டன. அவற்றுள் இரண்டு மின்கலத்தால் இயங்கியவை. குளிரில் அவை நெடுந்தொலைவு செல்லவில்லை. பென்ஸ் வண்டிகளுள் ஒன்று டிராம் வண்டியில் மோதியது. ஃபிராங்க் டியூரியா ஓட்டிய வண்டியின் திருப்புக் கருவி வழியில் முறிந்தது. அவர் அதைக் கொல்லன் பட்டறை ஒன்றில் சீர்செய்துகொண்டு தொடர்ந்தார். ஏறத்தாழ பத்து மணி நேரத்திற்குப் பின் அவரே முதலாவதாக வந்து சேர்ந்தார். இரண்டாவதாக வந்த பென்ஸ் வண்டியின் ஓட்டுநர் முல்லர் குளிரிலும் களைப்பிலும் மயங்கிவிட, நடுவராக உடன் அமர்ந்திருந்த சார்லஸ் கிங் வண்டியை எல்லைக்கு ஓட்டி வந்தார். மற்ற நான்கும் வந்து சேரவில்லை.

வென்ற வண்டியின் சராசரி வேகம் மணிக்கு ஏழு மைல் அளவே. நல்ல மிதிவண்டிக்காரர் அதை எளிதில் முந்திவிடுவார். இந்த வேகத்தில் பொதுச்சாலைப் பந்தயத்தால் எவருக்கும் பெருந்தீங்கு இல்லை. தெருவில் நின்ற சிறுவர்கள் வண்டியின்மீது பனி உருண்டைகளை எறிந்து விளையாடும் அளவுக்கு அது மெல்லச் சென்றது.

லாங் தீவின் உழவர்கள்

அடுத்த பத்தாண்டுகளில் நிலைமை முற்றிலும் மாறியது. மாற்றத்தின் ஊற்று பிரான்சு நாடு. 1895இல் பாரிசிலிருந்து போர்தோவுக்குச் சென்று திரும்பும் பந்தயத்தில் எமில் லெவசோர் ஏறத்தாழ 48 மணி நேரம் தாமே வண்டியை ஓட்டினார். ஊருக்கு ஊர் ஓடும் இப்பந்தயங்களில் ஆண்டுதோறும் பொறிகள் பெரியனவாயின. 1903ஆம் ஆண்டு மே மாதம் நடந்த பாரிசு – மாட்ரிட் பந்தயத்தில் முன்செல்லும் வண்டி எழுப்பிய புழுதிக்குள் பின்வருபவர் கண்மூடியவராகவே ஓட்டினார். சாலையோரத்து மரங்களின் உச்சியைப் பார்த்தே வளைவை ஊகிக்க வேண்டியிருந்தது. ஓட்டுநர்களும் பார்வையாளர்களும் மாண்டனர். ரெனால்ட் நிறுவனத்தை நிறுவிய சகோதரர்களுள் ஒருவரான மார்செல் ரெனால்டும் உயிரிழந்தார். பந்தயம் போர்தோவிலேயே நிறுத்தப்பட்டது. வண்டிகள் மீண்டும் தம்விசையால் ஓட அனுமதிக்கப்படாமல், குதிரைகளால் தொடர்வண்டி நிலையத்திற்கு இழுத்துச் செல்லப்பட்டன.

இதையெல்லாம் அறிந்திருந்தும், அமெரிக்கச் செல்வர் இளைய வில்லியம் வாண்டர்பில்ட், தம் நாட்டு உற்பத்தியாளர்கள் ஐரோப்பியரோடு போட்டியிட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கருதி, 1904இல் ஒரு வெள்ளிக் கோப்பையை நிறுவினார். நியூயார்க் நகருக்கு அருகில் உள்ள லாங் தீவின் பொதுச்சாலைகள் களமாயின. அச்சாலைகள் உழவர்கள் தம் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசென்ற மண்சாலைகள். அவர்கள் எதிர்ப்புக் கூட்டங்கள் நடத்தினர், வழக்காடினர். ஆயினும் மாவட்ட நிருவாகம் இசைவளித்தது. புழுதியை அடக்கச் சாலையெங்கும் கச்சா எண்ணெய் ஊற்றப்பட்டது. பந்தய நாளின் விடியற்காலை முதல் எவரும் சாலைக்கு வரலாகாது என்றும், நாய்களைக் கட்டிவைத்துக் கோழிகளை அடைத்துவைக்க வேண்டும் என்றும் அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. தலைமுறைகளாக நடந்த வழியில் ஒருநாள் காலடி வைக்கக்கூடாது என்ற அறிவிப்பை அவ்வூர் மக்கள் எவ்வாறு படித்திருப்பார்கள் என்பதைப் பைல் நாட்டு உழவர் எளிதில் உணர்வார்.

அமைப்பாளர்கள் அக்கறையற்றவர்கள் என்று கூற இயலாது. ஊர்கள் நெருங்கிய இரண்டு இடங்களில் பந்தய வண்டிகள் நின்று, மிதிவண்டியில் முன்செல்லும் ஒருவரைப் பின்பற்றி மெல்லக் கடந்து, ஊரின் மறுமுனையில் மீண்டும் வேகமெடுக்க வேண்டும் என்று விதி செய்திருந்தனர். அந்நேரம் கணக்கில் சேராது. மணிக்கு நூறு கி.மீ. வேகத்தைத் தொடும் வண்டி ஒரு மிதிவண்டிக்குப் பின்னால் அடங்கிச் சென்ற காட்சி, அக்காலச் சாலையின் இரட்டை இயல்பை வேறெதையும்விட நன்றாகக் காட்டுகிறது.

அக்டோபர் 8 அன்று நடந்த முதற்போட்டியில் பானார் வண்டியை ஓட்டிய ஜார்ஜ் ஹீத் மணிக்கு 52 மைல் சராசரியில் வென்றார். வேறொரு வண்டி கவிழ்ந்ததில் அதன் துணை மெக்கானிக் உயிரிழந்தார். அக்காலப் பந்தய வண்டியில் இருவர் அமர்வர். ஒருவர் ஓட்டுநர், மற்றவர் கையால் எண்ணெய் இறைத்து, உருளிப்பட்டைகளைக் கண்காணித்து, பின்னால் வருபவரைத் திரும்பிப் பார்த்துச் சொல்பவர். புகழ் முன்னவருக்கே சென்றது. இறப்பு இருவருக்கும் பொதுவாக இருந்தது.

1906இல் கூட்டம் இலட்சங்களைக் கடந்தது. பார்வையாளர்கள் சாலையோரத்தில் நிற்கவில்லை, சாலையிலேயே நின்றனர். வண்டியின் ஒலி கேட்டதும் கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிடும். அது கடந்ததும் மீண்டும் மூடிக்கொள்ளும். அக்காலப் புகைப்படங்களில், பாய்ந்து வரும் வண்டியின் முன்னே ஒரு மனிதச் சந்துதான் தெரிகிறது. ஒருவர் விலகத் தவறினார், உயிரிழந்தார். அடுத்த ஆண்டு பந்தயம் நடைபெறவில்லை.

வளைவின் கணக்கு

பதின்மூன்றே ஆண்டுகளில் பந்தய வேகம் மணிக்கு 7 மைலிலிருந்து 64 மைலாக உயர்ந்தது. ஏறத்தாழ ஒன்பது மடங்கு வேகம் என்றால் ஆபத்தும் ஒன்பது மடங்குதானே என்று தோன்றலாம். இயற்பியல் அவ்வாறு கணக்கிடுவதில்லை. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. வேகம் இருமடங்கானால், தடுப்பானை அழுத்திய பின் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தொலைவு நான்கு மடங்காகும். ஒன்பது மடங்கானால் 81 மடங்காகும். அக்கால வண்டிகளில் தடுப்பான்கள் பின்சக்கரங்களில் மட்டுமே இருந்தன என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

வளைவுக்கும் இதே இருமடி விதி பொருந்தும். வண்டி வளைந்து திரும்பத் தேவையான மையநோக்கு விசையைச் சாலைக்கும் சக்கரத்திற்கும் இடையிலான உராய்வே தருகிறது. 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொண்டால், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் திரும்பும் வண்டிக்கு அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விசை போதும். 30 கி.மீ. வேகத்தில் எடையில் பத்தில் ஏழு பங்கு தேவை. உலர்ந்த நல்ல சாலை அளிக்கக்கூடிய பிடிமானத்தின் எல்லையை அது நெருங்கிவிடுகிறது. 40 கி.மீ. வேகத்தில் எடையைக் காட்டிலும் நாலில் ஒரு பங்கு கூடுதலான விசை தேவைப்படும். சமதளமான சாலை அத்தனை விசையைத் தருவதில்லை; வண்டி வளையாமல் நேரே வழுக்கிச் செல்கிறது. மலைச்சாலையில் நேரே என்றால் பள்ளத்தாக்கு. மழையோ உதிர்ந்த இலையோ மணலோ இருப்பின் இவ்வெல்லை இன்னும் கீழிறங்கும். இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் ஓட்டுநருக்குப் பெரிய வேறுபாடு புலப்படுவதில்லை என்பதே இதில் உள்ள இடர்.

பந்தயத்திற்கென்றே அமைக்கப்பட்ட தடத்தில் வளைவுகளைச் சரிவாக எழுப்பி, அகலப்படுத்தி, புறத்தே ஓடுவெளி விட்டு இக்கணக்கை மாற்றலாம். பொதுச்சாலையில் அது இயலாது. மாட்டு வண்டியும் மனிதரும் செல்லும் அளவுக்கே அது சமைக்கப்பட்டது.

சாலையை விட்டு வெளியேறுதல்

வாண்டர்பில்ட் ஒரு தீர்வைக் கண்டார். தனியாருக்குச் சொந்தமான, மகிழுந்துகளுக்கு மட்டுமேயான ஒரு சாலையை லாங் தீவில் அமைத்தார். மற்றச் சாலைகள் குறுக்கிடும் இடங்களில் எல்லாம் பாலங்கள் கட்டப்பட்டன. சந்திப்புகளே இல்லாத, கட்டணம் செலுத்திச் செல்லும் இன்றைய விரைவுச்சாலைகளின் முன்னோடி அதுவே. பந்தயத்தின் கெடுதியிலிருந்து பிறந்த நன்மைகளுள் இதைக் குறிப்பிட வேண்டும். ஆயினும் 1908ஆம் ஆண்டுப் போட்டியின் ஒரு பகுதி இப்புதிய வழியிலும், மறுபகுதி பழைய பொதுச்சாலைகளிலும் ஓடியது. லோகோமொபைல் என்னும் அமெரிக்க வண்டியில் ஜார்ஜ் ராபர்ட்சன் வென்றார். அமெரிக்க வண்டி ஒன்று இக்கோப்பையைப் பெற்றது அதுவே முதன்முறை. நாடே மகிழ்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1910இல் நடந்த போட்டியில் துணை மெக்கானிக்குகள் இருவர் உட்படச் சிலர் மாண்டனர். பார்வையாளர் பலர் காயமுற்றனர். பந்தயத் தடங்களுக்கு வெளியே பந்தயம் நடத்துவதை நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் தடைசெய்தது.

தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் சவானா நகரம் வேறொரு முறையைக் கையாண்டது. 1908, 1910, 1911 ஆகிய ஆண்டுகளில் அங்கு நடந்த 'கிராண்டு பிரைஸ்' போட்டிகள், அமெரிக்காவிலேயே மிகச் சிறப்பாக நடத்தப்பட்டவை என்று ஐரோப்பிய ஓட்டுநர்களாலும் பாராட்டப்பட்டன. சாலைகள் எண்ணெய் பூசப்பட்டு, சரளை இறுக்கப்பட்டு, வளைவுகளில் உயர்த்தப்பட்டிருந்தன. படைவீரர்கள் துப்பாக்கியுடன் காவல் நின்றதால் எவரும் தடத்தில் இறங்கவில்லை. இந்த ஒழுங்கின் பின்னணி அத்துணை அழகானதன்று. அச்சாலைகளைச் செப்பனிட்டவர்கள் சிறைக் கைதிகள். அக்காலத்து ஜார்ஜியச் சிறைப்பணிக் குழுக்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். கூலியின்றி அவர்கள் இறுக்கிய சரளையின்மீது செல்வர்களின் வண்டிகள் பறந்தன. 1911க்குப் பின் சவானாவில் அப்போட்டி நடைபெறவில்லை. சாலையடைப்பையும், கைதிகளின் உழைப்பையும், துப்பாக்கிக் காவலையும் நகர மக்களே விரும்பாமற் போனது அதற்கு ஒரு காரணம்.

இண்டியானாபொலிஸ் நகரில் 1909இல் பந்தயத்திற்கென்றே இரண்டரை மைல் சுற்றளவுள்ள தடம் கட்டப்பட்டது. பொதுச்சாலையை விட்டு வெளியேறினால் இடர் நீங்கிவிடும் என்று எண்ணியவர்களுக்கு முதல் போட்டியே அதிர்ச்சியளித்தது. சரளையும் தாரும் கலந்த தளம் சக்கரங்களுக்கு அடியில் பெயர்ந்தது. ஓட்டுநரும் மெக்கானிக்குகளும் பார்வையாளர்களும் உயிரிழந்தனர். உரிமையாளர்கள் தளத்தைப் பெயர்த்துவிட்டு, ஏறத்தாழ 32 இலட்சம் செங்கற்களைப் பதித்தனர். 1911 மே 30 அன்று அங்கு நடந்த முதல் 500 மைல் பந்தயத்தில் ரே ஹாருன் துணை மெக்கானிக் இன்றித் தனியாகவே ஓட்டி வென்றார். பின்னால் வருபவரை இவர் எவ்வாறு காண்பார் என்று போட்டியாளர்கள் முறையிட்டபோது, அவர் தம் முன்னே ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார். இன்று ஒவ்வொரு மகிழுந்திலும் காணப்படும் பின்னோக்குக் கண்ணாடியை உலகறியச் செய்த நிகழ்வு அது.

தமிழ் நிலத்தின் களங்கள்

பொதுச்சாலைப் பந்தயம் தமிழகத்திற்குப் பொறிகளோடு வந்ததன்று. சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களை ஒட்டி நடைபெறும் மாட்டு வண்டிப் பந்தயங்கள் இன்றும் பொதுச்சாலைகளிலேயே ஓடுகின்றன. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என மாடுகளைத் தரம் பிரிப்பர். உலகமெல்லாம் கிலோமீட்டருக்கு மாறிய பின்பும், இங்குத் தொலைவு 'போகவர எட்டு மைல்' என்றே அறிவிக்கப்படுகிறது. வண்டியில் சாரதி இருப்பார். துணைச் சாரதி ஓடியும் ஏறியும் மாடுகளை ஊக்குவார். லாங் தீவின் துணை மெக்கானிக்குக்கு இவரே நேர்நிகர். கொங்கு நாட்டு ரேக்ளாவில் வழக்கம் வேறு. அங்கு 200 மீட்டர், 300 மீட்டர் தொலைவை வண்டிகள் தனித்தனியே ஓடிக் கடிகாரத்தோடு போட்டியிடுகின்றன. வண்டியோடு வண்டி உரசும் நிலை அங்கு எழுவதில்லை. சாலையில் ஓடும் மாட்டு வண்டிப் பந்தயத்தில் மாடுகளைக் காட்டிலும் அவற்றைத் துரத்திச் செல்லும் ஆர்வலர்களின் விசையுந்துகளே பெரிய இடராக உள்ளன என்பதைப் பார்த்தவர் அறிவர்.

மகிழுந்துப் பந்தயம் தமிழகத்தில் வேரூன்றிய இடம் பொதுச்சாலை அன்று என்பது நற்பேறு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைக்கப்பட்ட விமான ஓடுதளம் போருக்குப் பின் பயனற்றுக் கிடந்தது. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம் அங்குப் பந்தயங்களை நடத்தியது. ஆண்டுதோறும் பெருங்கூட்டம் திரண்டது. பின்னர்க் கழகம் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனக்கெனத் தடம் அமைத்தது. 1990 முதல் பந்தயங்கள் அங்கு நடைபெறுகின்றன. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் உள்நாட்டு மாருதிப் பொறியைக் கொண்டே ஒற்றையிருக்கைப் பந்தய வண்டியை வடிவமைத்து, செல்வர் அல்லாத இளைஞர்களுக்கும் வாயிலைத் திறந்தார். அதே நகரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் போட்டியில் பங்கேற்ற முதல் இந்தியரானார். சென்னையின் கருண் சந்தோக் 2010இல் இரண்டாமவரானார். தடம் இருந்தமையால் ஓட்டுநர் உருவாயினர்.

2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் பந்தயம் மீண்டும் பொதுச்சாலைக்கு வந்தது. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் ஆகியவற்றின் பகுதிகளை இணைத்து 3.5 கி.மீ. நீளத் தடம் அமைக்கப்பட்டு, இரவு விளக்கொளியில் ஃபார்முலா நான்கு வண்டிகள் ஓடின. முதலில் 2023 டிசம்பரில் நடைபெறவிருந்த இப்போட்டி மிக்சாம் புயலால் தள்ளிவைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வழக்குகள் தொடரப்பட்டன. அருகில் மருத்துவமனைகள் உள்ளன, ஒலியாலும் போக்குவரத்து மாற்றத்தாலும் மக்கள் இன்னலுறுவர் என்பன வழக்கின் வாதங்கள். சென்னை உயர்நீதிமன்றம் நிபந்தனைகளுடன் இசைவளித்தது. பந்தய நாளன்று மழையால் பாதுகாப்புச் சான்றிதழ் பெறுவது தாமதமானபோது, சான்றிதழ் கிடைக்கும் வரை ஒரு வண்டியும் ஓட விடப்படவில்லை. லாங் தீவின் உழவர்கள் 1904இல் எழுப்பிய அதே முறையீடு 120 ஆண்டுகளுக்குப் பின் சென்னையிலும் எழுந்தது. விளைவில்தான் வேறுபாடு. இம்முறை இருபுறமும் கற்காரைச் சுவர்களும் அவற்றின்மேல் கம்பி வலைகளும் நின்றன. மனிதச் சந்து இல்லை. அந்த இரண்டு நாள்களில் அச்சாலை பொதுச்சாலையாகவும் இல்லை.

இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 189ஆம் பிரிவு இதைத்தான் சுருக்கமாகச் சொல்கிறது. மாநில அரசின் எழுத்து வழியான இசைவின்றிப் பொதுவிடத்தில் வாகனப் பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ ஈடுபடுவது குற்றம். 2019ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், முதன்முறைக் குற்றத்திற்கு மூன்று மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பிறரோடு போட்டியிடுவது மட்டுமன்று, தனி ஒருவர் கடிகாரத்தோடு போட்டியிடுவதும் வேகச் சோதனையே.

கொல்லிமலைச் சாலைக்குத் தடுப்புச் சுவரும் காவலும் நிறுத்தி ஒருநாள் மூடிவிடலாம் என்று சிலர் கூறக்கூடும். மலைமேல் பதினான்கு நாடுகள் உள்ளன; முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கும் மற்றொரு சாலை எல்லா ஊர்களுக்கும் அண்மையில் இல்லை. மூடப்படும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் யாரோ ஒருவர் நோயாளியுடன் மலைமேல் காத்திருக்க நேரும்.

மலைச்சாலைக்கென்று ஒரு விதி உண்டு. இரு வண்டிகள் எதிர்ப்பட இடம் போதாத இடத்தில், இறங்கும் வண்டி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். சுமையோடு ஏறும் வண்டி நடுச்சரிவில் நின்றுவிட்டால் மீண்டும் நகர்வது அரிது. பின்னோக்கி உருளவும் கூடும். காலையில் காரவள்ளியிலிருந்து உரமூட்டைகளோடு ஏறும் சரக்குந்து வளைவுக்கு முன் ஒலி எழுப்புகிறது. மேலே, அடுத்த வளைவின் பலகைக்கு அருகில், பயணிகளோடு இறங்கிவரும் பேருந்து அவ்வொலியைக் கேட்டு ஓரம் கட்டி நிற்கிறது. சரக்குந்து மெல்லத் திரும்பி மேலேறிக் கடந்த பின், பேருந்து புறப்படுகிறது.